தீவுக்குள் ஒரு சுவர்

வரைபடத்தை மேசையில் விரித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீவின் தெற்குச் சரிவு முழுவதும் ஒரு மீன்முள் போலக் கிடந்தது. ஒரு கோட்டில் அளவு ஏறியிருந்தால் பக்கத்துக் கோட்டில் இறங்கியிருந்தது. அடுத்ததில் மறுபடி ஏற்றம், அதற்கடுத்ததில் மறுபடி இறக்கம். எந்த நிலமும் அப்படி இருக்காது. எரிமலைக்குக்கூட அவ்வளவு விசர் பிடிக்காது.

"கொஞ்சம் மழுப்பிவிடேன், அகஸ்ரீனா," என்றார் கூசிமானோ. "கம்பியூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் வழவழவென்று வந்துவிடும்."

"என்னால் முடியாது."

"முடியாதா, விருப்பமில்லையா?"

"இரண்டும்தான்."

கூசிமானோ என் முதலாளி; இஞ்சென்யேரே, அதாவது எஞ்சினியர், என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் நிறுவனம். நிலத்தைத் தோண்டாமலே அதற்குள் என்ன கிடக்கிறது என்று கருவிகளால் அளந்து சொல்வது எங்கள் தொழில். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் இந்தத் தீவு வேலை கிடைத்தபோது எங்களிடம் வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

தீவு என்றால் கடலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும் பழைய எரிமலை. பலெர்மோத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகவேண்டும். அங்குள்ள சனத்துக்குக் குடிதண்ணீரும் கப்பலில்தான் போகும். மழை பெய்யாமல் இல்லை. பெய்த மழை ஓட்டை விழுந்த கல்லுக்குள் இறங்கி, யாருக்கும் சொல்லாமல் கடலுக்குப் போய்விடும். ஆனால் இப்படியான மலைகளுக்குள் சில இடங்களில், முந்தி எப்போதோ வெடிப்புகளுக்குள் ஏறிய நெருப்புக்குழம்பு இறுகிச் சுவராக நிற்கும். இறங்கி வரும் மழைநீரை அந்தச் சுவர் மறித்துக்கொள்ளும். சுவருக்கு மலைப்பக்கம் துளைத்தால் நல்ல தண்ணீர். கடற்பக்கம் துளைத்தால் தூசி, அதற்குக் கீழே உப்பு. வெளியே நின்று பார்த்தால் சுவர் தெரியாது. ஆனால் அந்தக் கல்லில் காந்தம் கூடுதல். காந்தமானியைச் சுமந்துகொண்டு கோடு கோடாக நடந்தால் அது எங்கே நிற்கிறது என்று பிடித்துவிடலாம். நடந்தவள் நான்.

சிந்தாக்கோ, அதாவது தீவின் மேயர், ஒரே ஒரு துளைக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். துளைக்கிற இயந்திரம் இன்னும் சில நாட்களில் கப்பலேற இருந்தது. துளை வறண்டால் கூசிமானோ கதவைச் சாத்துவார். கதவு சாத்தினால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்கமாட்டார்கள். பிறகு எனக்கிருக்கும் ஒரே வழி, சின்யோரா லா ரோசாவின் வீட்டைத் துடைக்கத் திரும்பிப் போவது.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள் நான். பலெர்மோவுக்கு வந்து, சின்யோரா வீட்டில் வேலை செய்துகொண்டே இங்குள்ள பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தேன். பரீட்சை நாட்களில் என் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு போனவர் என் மச்சாள் எமிலியானா, என் கணவர் லூர்துவின் அக்கா. தான் வேலை செய்யும் வீடுகளை முடித்துவிட்டு வந்து என்னுடையதையும் செய்வார். நான் பட்டம் வாங்கி, இங்கே பட்டதாரிப் பெண்ணைச் சொல்வதுபோல, தொத்தோரெஸ்ஸா ஆன அன்று என்னைவிடக் கூட அழுததும் அவர்தான். இப்போது அந்தச் சின்யோரா, "அகஸ்ரீனா திரும்பி வருவாளா, வேறு ஆள் பார்க்கட்டுமா?" என்று மச்சாளை நெருக்கிக்கொண்டிருந்தாள். துளை முடியும்வரை பொறுக்கச் சொல்லி மச்சாள் தவணை வாங்கி வைத்திருந்தார். எனக்கோ வயிற்றில் நான்காம் மாதம்.

"துளைக்கிற இடத்தில் முளை அடித்தாகிவிட்டது," என்றார் கூசிமானோ. "சிந்தாக்கோ அதற்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துவிட்டார். இனி மீன்முள், கோழிமுள் என்று ஒன்றும் வேண்டாம்."

"இஞ்சென்யேரே, அந்த வரைபடத்தின் கீழே யாருடைய பெயர் போகிறது?"

"உன்னுடையது."

"அப்படியென்றால் என் பெயரில் பொய் போகாது."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் காந்தமானியும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். திரும்பிப் போய் வைக்க ரோசம் விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. லூர்து நகரத்துக்கு வெளியே, சியாகுல்லியில், மந்தரீனித் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். நகரத்து இரும்பு, றெயில், வயர் எல்லாவற்றிலுமிருந்து தள்ளி இருக்கும் இடம் எனக்கு அதுதான் தெரியும். பூசை முடிந்த கையோடு அவரையும் கருவியையும் அங்கே இழுத்துக்கொண்டு போனேன். பிந்திப் பழுக்கும் மந்தரீனிகள் இன்னும் மரத்தில் கிடந்தன.

கோளாறு என்ன வகை என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு கோட்டில் வடக்கே நடப்போம், அடுத்த கோட்டில் தெற்கே திரும்புவோம். ஆள் திரும்பும்போது அளவும் திரும்பினால், பிழை நிலத்தில் இல்லை. கருவியிலோ அதைச் சுமப்பவரிலோ இரும்பு இருக்கிறது. நான் அதில் கவனமில்லாதவளா? தலைக்குப் பிளாஸ்ரிக் கிளிப். சப்பாத்தில் ஆணி கிடையாது. உள்ளுடுப்பில்கூடக் கொளுக்கி இல்லாமல் நாடா வைத்துத் தைத்துக்கொண்டவள். அதனால் பழி முழுவதையும் கருவியின் தலையில் போட்டிருந்தேன்.

முதலில் லூர்துவின் முதுகில் கருவியைக் கட்டி, அதன் உணரியைத் தாங்கும் தடியைக் கழுத்துக்குப் பின்னால் நிமிர்த்திவிட்டு நடக்கவைத்தேன். வடக்கே போனார், தெற்கே வந்தார். அளவு அசையவில்லை. அடுத்து நான் நடந்தேன். வடக்கே ஏறியது, தெற்கே இறங்கியது. மீன்முள்!

"ஐயோ, இரும்பு என்னிலைதான் இருக்குது!" என்று தலையில் கை வைத்தேன்.

"உன்னிலை இரும்பு இருக்கிறது கலியாணம் கட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும்," என்றார் லூர்து.

"பகிடிக்கு இதுதான் நேரமோ?"

சப்பாத்தைக் கழற்றி நடந்தேன். இடுப்புப் பட்டியைக் கழற்றி நடந்தேன். லூர்து பாதைப் பக்கம் பார்த்துக் காவல் நின்றார்.

"தாலியையும் கழட்டப் போறியே?" என்று அரைக்கண்ணால் கேட்டார்.

"பொன்னிலை காந்தம் பிடிக்காது. பேசாமல் அங்காலை பாருங்கோ."

கடைசியில் ஜக்கெற்றைக் கழற்றி ஒரு மந்தரீனிக் கொப்பில் தொங்கவிட்டு நடந்தேன். கோடு ஊசி மாதிரி நேராக வந்தது. ஜக்கெற்றைப் போட்டேன், ஏறியது. கழற்றினேன், அடங்கியது. தீவின் காற்றுக்கு நாள் முழுக்கப் போட்டிருந்த அதே ஜக்கெற். பொத்தான்களைப் பார்த்தேன், பிளாஸ்ரிக். பைகள் வெறுமை. கழுத்துப்பட்டியை அழுத்திப் பார்த்தபோதுதான் உள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. தையலைப் பார்த்தேன். அவ்வளவு நுணுக்கமான தையல் பலெர்மோவில் ஒரேயொரு கைக்குத்தான் வரும். பல்லாலேயே பிரித்தேன். உடைந்த பாக்குவெட்டித் துண்டொன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

உணரிக்கும் அந்தத் துண்டுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. தீவு முழுவதும் நான் சுவரை அளக்கவில்லை, பாக்குவெட்டியை அளந்திருக்கிறேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மச்சாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டை மேசையில் எறிந்தேன்.

"என்ன மச்சாள் செய்து வைச்சிருக்கிறியள்?"

அவர் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. "இரும்புதான். பிள்ளைத்தாய்ச்சி வெளியிலை திரியேக்கை இரும்பு வேணும். எல்லாரும் வைக்கிறதுதானே?"

"கழுத்திலை சிலுவை போட்டிருக்கிறியள்! உங்களுக்கு ஏன் உந்தப் பேய்க்கதை?"

"சிலுவை முன்னுக்குப் பாக்கும். பின்னுக்கு ஆர் பாக்கிறது? அதுதான் கழுத்துக்குப் பின்னாலை வைச்சனான்."

"உங்கடை இரும்பாலை ஒரு தீவே கோணிப்போச்சு, மச்சாள்!"

"தீவு கோணினால் கோணட்டும். பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாது." கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "போன வருஷம் போனது காணாதே? அந்த ஆஸ்பத்திரி வாசல்லை உன்ரை உடுப்புப் பையோடை நிண்டது நான்தானே. நீ படிச்சனி, சொன்னால் சிரிப்பாய். அதாலைதான் சொல்லாமல் தைச்சனான்."

 எனக்கு இருந்த கோபம் முழுவதும் வடிந்து, நெஞ்சுக்குள் பாரமாக இறங்கியது. போன வருடம் இழந்த பிள்ளையைப்பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நான் மட்டும்தான் அதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மச்சாளின் மீன் மணத்த கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன்.

அழுது முடித்ததும், "நான் திரும்பப் போய் அளக்கவேணும்," என்றேன். "இரும்பில்லாமல்."

"இரும்பில்லாமல் உன்னை விடமாட்டன்."

"அப்ப துளை பிழைக்கும். நான் சின்யோரா வீட்டுக்குத் தும்புத்தடியோடை போறன். உங்களுக்குச் சம்மதமே?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மீனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "சரி, நீ இரும்பில்லாமல் நட. நான் அதை வைச்சுக்கொண்டு உனக்குப் பின்னாலை வாறன்," என்றார்.

"இருபது மீற்றர் தள்ளி நிக்கவேணும்."

"பத்து."

"மச்சாள், இது மீன்சந்தை இல்லை. இருபது!"

பத்தே தாராளமாகப் போதும். அதை நான் அவருக்குச் சொல்வேனா?

கூசிமானோவிடம் அடுத்த நாள் காலை நடந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் கதிரையில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். தன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கதவின் இரும்புத் திறப்பை எடுத்துக் காட்டினார். கெட்டது நடக்காமலிருக்க இத்தாலிக்காரர்கள் இரும்பைத் தொடுவார்கள். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் தானும் தொடுவதாகச் சொன்னார். "ஆனால் நான் அதைக் காந்தமானிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை," என்று சொல்லிவிட்டு கப்பல் சீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

தீவின் தெற்குச் சரிவை ஏற்கெனவே பார்த்தவள்தான் நான். ஆனாலும் இந்த முறை போல எப்போதும் நடந்ததில்லை. பயற்றங்காய் அளவுகூட இல்லாத பருப்புச் செடிகளுக்கு இடையில், கறுத்த எரிமலைக் கற்களுக்கு மேலால், கள்ளிகளை விலத்தி விலத்தி முன்னால் நான். இருபது மீற்றர் பின்னால், கம்பளிச் சட்டையும் தலையில் கட்டிய துணியுமாக, கைக்குட்டையில் இரும்பைப் பொத்திப் பிடித்தபடி என் மச்சாள். நான் நின்றால் நிற்பார். திரும்பினால் பெரிய வளைவு போட்டுத் திரும்புவார். ஒவ்வொரு கல்லுக்கும், "பாத்துக் கால் வை!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடற்காகங்கள் எழும்பின.

சிந்தாக்கோ வந்து பார்த்துவிட்டு, "அந்த அம்மா யார்?" என்று கேட்டார்.

"எங்கள் பாதுகாப்பு அதிகாரி," என்றார் கூசிமானோ, முகம் மாறாமல்.

புதிய வரைபடத்தைத் தீவிலேயே, தேநீர்க்கடை மேசையில் வைத்து வரைந்தேன். மீன்முள்ளைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, பழைய எரிமலை வாயிலிருந்து கிழக்கே, ஒரு சுவர். இடையில் முறிவில்லை, மயக்கமில்லை. பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த கணமே சிந்தாக்கோ படமெடுத்த முளையை வரைபடத்தில் தேடினேன். அது சுவருக்குக் கடற்பக்கம் நின்றது.

சுவருக்கு மலைப்பக்கம் நான் குறித்த புதிய இடத்தில் நிலத்துக்குள் மின்சாரம் பாய்ச்சியும் பார்த்தோம். ஆழத்தில் ஏதோ மின்சாரத்தை இலகுவாகக் கடத்தியது. அது தண்ணீராகவும் இருக்கலாம், வெறும் களிமண்ணாகவும் இருக்கலாம். சுவரில் எங்காவது வெடிப்பிருந்து கடல் உள்ளே வந்திருந்தால் உப்பாகவும் இருக்கலாம். எந்தக் கருவியும் அதற்குமேல் சத்தியம் செய்யாது. துளைத்தால்தான் தெரியும்.

"முளையை மாற்றுவதா?" சிந்தாக்கோ துள்ளினார். "போன கிழமை அங்கே என்றீர்கள், இந்தக் கிழமை இங்கே என்கிறீர்கள். அடுத்த கிழமை என் வீட்டுக் குசினிக்குள் என்பீர்களா?"

கூசிமானோ வாய் திறக்க முன்னம் நான் திறந்துவிட்டேன். "போன கிழமை அளந்தது பிழை. பிழை என்று கண்டுபிடித்தவளும் நான்தான். மறைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பழைய முளையில் துளைத்தால் தூசி குடிப்பீர்கள். இங்கே துளையுங்கள். வறண்டால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். என் வயிற்றையும் பார்த்தார். பிறகு பழைய முளை நின்ற இடத்துக்குப் போய், குனிந்து, அதைத் தன் கையாலேயே பிடுங்கி என்னிடம் தந்தார். அதை எங்கே அடிக்கவேண்டுமோ அங்கே அடித்தேன்.

துளைக்கத் தொடங்கியபோது நான் அங்கே இல்லை. டொக்டரிடம் காட்டவென்று பலெர்மோவுக்கு வந்த இடத்தில், வடமேற்குக் காற்று எழும்பிக் கப்பல் நின்றுவிட்டது. எங்கள் இரண்டு அறைக் கந்தோரில் தொலைபேசிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன். கூசிமானோ தன் கைத்தொலைபேசியில் எடுத்து எடுத்துச் சொன்னது ஒரே சொல்தான்: தூசி. காலையில் தூசி. மதியம் தூசி. மறுநாளும் தூசி. நான் குறித்துக்கொடுத்த ஆழத்தைத் தாண்டியும் தூசி. எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சின்யோராவின் குசினித் தரைதான் தெரிந்தது.

மச்சாள் மத்தியானச் சாப்பாட்டுடன் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். "இன்னும் கொஞ்சம் கீழை போகச் சொல்லு," என்றார்.

"போய்க்கொண்டுதான் இருக்கினம், மச்சாள். இண்டைக்குப் பின்னேரம் நிப்பாட்டப் போகினமாம்."

"நிப்பாட்ட முன்னம் சாப்பிடு."

இரண்டு வாய் தீத்திவிட்டார். மூன்றாவது வாய்க்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். குரல் இல்லை. இரைச்சல், பெரிய இரைச்சல், அதற்குள் ஆட்கள் கத்தும் சத்தம்.

"இஞ்சென்யேரே! என்ன நடந்தது? ஆருக்கும் காயமோ?" பதற்றத்தில் பாதி தமிழில் கேட்டிருக்கிறேன்.

"கேட்கிறதா?" கூசிமானோ கத்தினார். "காற்றை அடிக்க அடிக்கக் கொட்டுகிறது! நான் முழுக்க நனைந்துவிட்டேன், அகஸ்ரீனா! தண்ணீர்!"

மச்சாள் என் தோளைப் பிடித்தார். "என்னவாம்?"

"தண்ணி வந்திட்டுதாம்."

"உப்போ?"

அதைத்தான் நானும் கேட்கவேண்டும்.  ஒருவழியாகக் கேட்டேன். பொறு, உப்பு அளக்கும் கருவியை வைக்கிறோம் என்றார். இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சாள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். நானும் சேர்ந்து சொன்னேன். பாதியில் கூசிமானோவின் குரல் வந்தது. கருவி காட்டுவதை நம்பமுடியவில்லை, குடித்துப் பார்க்கிறேன் என்றது. மடக்கு மடக்கென்று அவர் குடிப்பது எனக்குக் கேட்டது.

"தோல்சே," என்றார். அந்த மனிதர் அழுவதை அன்றுதான் கேட்டேன். "அக்வா தோல்சே, அகஸ்ரீனா. சிந்தாக்கோ தலையைக் கொடுத்துக் குளித்துக்கொண்டிருக்கிறார்."

"நல்லதண்ணி!" என்று கத்தினேன். "மச்சாள், நல்லதண்ணி! என்ரை சுவர் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்குது!" மேசையில் ஓங்கி அடித்தேன். சிரித்தேன். அழுதேன். கீழே சப்பாத்துக் கடைக்காரர் மேலே ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமலே கை தட்டினார்.

 மச்சாள் சோற்றுக்கையைத் துடைத்தார். தலைமயிரை ஒதுக்கினார். நான் வைத்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, பார்க்காமலே ஒரு எண்ணைச் சுழற்றினார். எனக்கு யாருடைய எண் என்று விளங்கவில்லை, அவர் இத்தாலியமொழியில் கதைக்கும்வரை.

"சின்யோரா, நான் எமிலியானா. வேறு ஆளைப் பாருங்கள். அகஸ்ரீனா வரமாட்டா." மறுபக்கம் ஏதோ கேட்டது. "இல்லை, அடுத்த மாதமும் இல்லை. ஒருநாளும் வரமாட்டா." மறுபடி ஏதோ கேட்டது. மச்சாள் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "என்ன வேலையா? தொத்தோரெஸ்ஸா வேலை. ஒரு தீவுக்கே தண்ணீர் கொடுத்திருக்கிறா."

சின்யோரா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அவள் வைத்த பிறகே தொலைபேசியை வைத்துப் பழகிய மச்சாள், அன்று தானே முதலில் வைத்தார்.